திருத்தம் பெற்ற காரங்களும் டி.என்.ஏ.வின் மாற்று வடிவங்களும்: நிலைப்புத்தன்மை குறித்த ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

டி.என்.ஏ. என்றவுடன் வலப்புறமாகச் சுழலும் இரட்டைச் சுருளே நினைவுக்கு வருகிறது. ஆயினும் அம்மூலக்கூறு தன் காரவரிசைக்கும் சூழலுக்கும் ஏற்ப இடப்புறச் சுருளாகவும், மூவிழையாகவும், நான்கிழையாகவும் அமையவல்லது. காரங்களில் நிகழும் சிறு வேதிமாற்றங்கள் இவ்வடிவங்களின் நிலைப்புத்தன்மையைச் சில இடங்களில் கூட்டுகின்றன. சில இடங்களில் குலைக்கின்றன. ஒரு வேதிமாற்றத்தைத் தன்னளவில் 'உறுதி தருவது' என்றோ 'உறுதி குலைப்பது' என்றோ வகைப்படுத்த இயலாது. காரத்தின் எந்த விளிம்பை அது தொடுகிறது, வடிவத்தின் எந்த இடத்தில் அமைகிறது, எந்த வடிவத்தோடு அவ்வடிவம் போட்டியிடுகிறது ஆகிய மூன்றுமே விளைவைத் தீர்மானிக்கின்றன. இக்கருத்தை இசட் வடிவம், ஐ-மோட்டிஃப், மூவிழை, குவானைன் நான்கிழை ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டி.என்.ஏ., மெத்தில்சைட்டோசின், ஆக்சோகுவானைன், குவானைன் நான்கிழை, ஐ-மோட்டிஃப், இசட் வடிவம், நிலைப்புத்தன்மை

முன்னுரை

1953ஆம் ஆண்டு வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த இரட்டைச் சுருள் அமைப்பு உயிரியலின் அடித்தளமாயிற்று. அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் இணைசேர்வதே அவ்வமைப்பின் சாரம். ஆனால் டி.என்.ஏ. பிற வடிவங்களையும் ஏற்கும் என்பதற்கான குறிப்புகள் வெவ்வேறு காலங்களில் கிடைத்துள்ளன. குவானிலிக் அமிலக் கரைசல் கூழ்மமாக உறைவதை 1910இலேயே பாங்கு என்னும் வேதியியலார் பதிவு செய்தார். அதன் காரணம் 1962இல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகியோரால் விளக்கப்பட்டது: நான்கு குவானைன்கள் ஒரே தளத்தில் வட்டமாகக் கைகோத்து நிற்கின்றன. அதற்கு முன்பே, 1957இல், மூன்று இழைகள் கொண்ட நியூக்ளிக் அமிலச் சுருளை ஃபெல்சன்ஃபெல்ட், டேவிஸ், ரிச் ஆகியோர் கண்டறிந்தனர். 1979இல் இடப்புறமாகச் சுழலும் இசட் வடிவத்தின் படிக அமைப்பு வெளியாயிற்று. 1993இல் சைட்டோசின் மிகுந்த இழைகள் அமைக்கும் ஐ-மோட்டிஃப் அறியப்பட்டது.

இவை நெடுங்காலம் ஆய்வகக் குடுவைக்குள் மட்டும் தோன்றும் விந்தைகளாகவே கருதப்பட்டன. சென்னையில் பிறந்தவரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியருமான சங்கர் பாலசுப்பிரமணியன் குழுவினர், நான்கிழை வடிவத்தை மட்டும் இனங்காணும் எதிர்ப்பொருளைக் கொண்டு, மனித உயிரணுக்களில் அவ்வடிவம் இருப்பதை 2013இல் காட்டினர். ஐ-மோட்டிஃபுக்கு இத்தகைய சான்றை ஆஸ்திரேலியாவின் கார்வன் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் அளித்தனர். இவற்றுக்குப் பின் ஒரு வினா கூர்மை பெற்றது. உயிரணுவிலுள்ள காரங்கள் பாடநூல் காட்டும் தூய நிலையில் மட்டும் இருப்பதில்லை. மெத்தில் தொகுதி ஏறியும், ஆக்சிஜனேற்றம் அடைந்தும் காணப்படுகின்றன. அத்தகைய மாற்றங்கள் இவ்வடிவங்களை என்ன செய்கின்றன? இதற்கான விடையை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காரத்தின் விளிம்புகள்

ஒரு காரத்தைப் பல விளிம்புகள் கொண்ட தட்டையான தகடாக எண்ணிக்கொள்ளலாம். குவானைனின் ஒரு விளிம்பு, இரட்டைச் சுருளில் சைட்டோசினோடு இணையப் பயன்படுகிறது. இது வாட்சன்-கிரிக் விளிம்பு எனப்படும். 7ஆம் நைட்ரஜனும் 6ஆம் ஆக்சிஜனும் அமைந்த பக்கம், ஆய்வாளர் ஹூக்ஸ்டீனின் பெயரால் ஹூக்ஸ்டீன் விளிம்பு எனப்படும். இரட்டைச் சுருளில் இவ்விளிம்பு பெரும்பள்ளத்தை நோக்கி வெறுமனே நிற்கிறது. நான்கிழை வடிவத்திலோ இரு விளிம்புகளும் ஒருசேரப் பணிபுரிகின்றன: ஒவ்வொரு குவானைனும் தன் வாட்சன்-கிரிக் விளிம்பால் அடுத்த குவானைனின் ஹூக்ஸ்டீன் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு அமையும் நாற்கூட்டில் எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் உள்ளன.

காரம் சர்க்கரையோடு இணையும் பிணைப்பைச் சுற்றி இரு நிலைகளில் திரும்பி நிற்கவல்லது என்பதும் கருதத்தக்கது. சர்க்கரையை விட்டு விலகி நிற்பது 'ஆன்டி' நிலை. சர்க்கரையின் மேல் கவிந்து நிற்பது 'சின்' நிலை. வழக்கமான இரட்டைச் சுருளில் காரங்கள் ஆன்டி நிலையில் உள்ளன. மாற்று வடிவங்கள் சிலவற்றில் குவானைன் சின் நிலையை ஏற்க வேண்டியுள்ளது.

இவ்விரு செய்திகளிலிருந்தே பின்வருவன யாவும் கிளைக்கின்றன. தமிழ் ஒலியியலில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 'கல்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் 'பங்கு' என்பதிலும் வருவது ககரமே. ஆனால் அது நிற்கும் இடத்திற்கேற்ப மூன்று மாற்றொலிகளாக ஒலிக்கிறது. அவ்வாறே ஒரே மெத்தில் தொகுதியும் ஒரே ஆக்சிஜன் அணுவும், தாம் அமையும் இடத்திற்கேற்ப வேறுவேறு விளைவுகளைத் தருகின்றன.

2. இசட் வடிவமும் மெத்தில் தொகுதியும்

குவானைனும் சைட்டோசினும் மாறிமாறி வரும் டி.என்.ஏ., உப்புச்செறிவு மிகும்போது தன் ஒளியியல் பண்பைத் தலைகீழாக மாற்றிக்கொள்வதை 1972இல் போலும் ஜோவினும் கண்டனர். அம்மாற்றத்தின் பொருள் 1979இல் படிக ஆய்வால் விளங்கிற்று. சுருள் இடப்புறமாகத் திரும்பி, அதன் முதுகெலும்பு வளைந்து நெளிந்து செல்கிறது. ஒரு சுற்றுக்குப் 12 காரஇணைகள் அமைகின்றன. சைட்டோசின்கள் ஆன்டி நிலையில் இருக்க, குவானைன்கள் சின் நிலைக்குத் திரும்புகின்றன. இவ்வடிவத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று நெருங்குவதால், அவற்றின் விலக்கத்தைத் தணிக்க மிகுந்த உப்பு தேவைப்படுகிறது.

சைட்டோசினின் 5ஆம் கார்பனில் மெத்தில் தொகுதி ஏறினால் என்ன நிகழும் என்பதை 1981இல் பெஹேயும் ஃபெல்சன்ஃபெல்டும் ஆராய்ந்தனர். மெத்தில் ஏறாத டி.என்.ஏ. இசட் வடிவத்திற்கு மாற ஏறத்தாழ 2.5 மோலார் சோடியம் குளோரைடு தேவைப்பட்டது. மெத்தில் ஏறியதற்கு 0.7 மோலாரே போதுமானதாயிற்று. மெக்னீசியம் அயனி இருக்கும் சூழலில் வேறுபாடு இதனினும் பெரிது: மெத்தில் ஏறியதற்கு 0.6 மில்லிமோலார் போதும். ஏறாததற்கு அதைவிட ஆயிரம் மடங்கிற்கும் மேற்பட்ட செறிவு வேண்டும். அதாவது, உயிரணுவின் இயல்பான சூழலை நெருங்கும் நிலையிலேயே இம்மாற்றம் நிகழக்கூடியதாகிறது.

இதன் காரணம் பின்னர் படிக ஆய்வில் தெளிவுற்றது. வழக்கமான சுருளில் மெத்தில் தொகுதி பெரும்பள்ளத்தில் நீரை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறது. நீரை வெறுக்கும் அத்தொகுதிக்கு அது ஏற்ற இடமன்று. இசட் வடிவத்தில் அது அண்டை அணுக்களுக்கிடையே உள்ள நீர்விலக்குக் குழிவில் ஒதுங்கி இடம்பெறுகிறது. மெத்தில் தொகுதி எந்த ஹைட்ரஜன் பிணைப்பையும் இங்குக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இருப்பிடம் மாறியதே உறுதியைத் தந்தது.

குவானைனின் 8ஆம் கார்பனில் புரோமினோ மெத்தில் தொகுதியோ ஏறும்போதும் இசட் வடிவம் வலுப்பெறுகிறது. ஆனால் காரணம் வேறு. 8ஆம் கார்பனில் பருமனான தொகுதி இருந்தால் ஆன்டி நிலையில் அது சர்க்கரையோடு மோதும். ஆகவே குவானைன் சின் நிலையையே நாடும். இசட் வடிவம் கேட்பதும் அதுவே. 1981இல் இசட் வடிவத்திற்கு எதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்கிய ஆய்வாளர்கள், புரோமின் ஏற்றி இவ்வடிவத்தில் நிலைநிறுத்திய டி.என்.ஏ.வையே பயன்படுத்தினர்.

3. சைட்டோசின் காரமாகவே செயல்படும் இடங்கள்

ஐ-மோட்டிஃபில் சைட்டோசின் மற்றொரு சைட்டோசினோடு இணைகிறது. அவ்விணையில் ஒன்று புரோட்டான் ஏற்றது, மற்றொன்று ஏற்காதது. இவ்வாறு இணைந்த இரு இரட்டைகள் ஒன்றன் இடைவெளிக்குள் மற்றொன்று புகுந்து நான்கிழை அமைப்பாகின்றன. ஆகவே இதன் உறுதி, சைட்டோசினின் 3ஆம் நைட்ரஜன் எவ்வளவு எளிதில் புரோட்டானை ஏற்கிறது என்பதைச் சார்ந்தது. தனித்த சைட்டோசினில் பாதி புரோட்டான் ஏற்கும் பி.எச். மதிப்பு 4.5ஐ ஒட்டியது. எனவே அமிலச் சூழலில் இவ்வடிவம் உறுதியாக நிற்கிறது, நடுநிலையில் தளர்கிறது.

இங்கு ஒரு கலைச்சொற் குறிப்பு பொருந்தும். தமிழ்ப் பாடநூல்கள் டி.என்.ஏ.வின் இவ்வுறுப்புகளைக் 'காரங்கள்' எனக் குறிக்கின்றன. இரட்டைச் சுருளைக் கற்கும் மாணவர்க்கு, அமிலத்திற்கு எதிரான 'காரம்' என்னும் பொருள் அங்கு வெளிப்படையாகப் புலப்படுவதில்லை. சொல் வெறும் பெயராகவே நின்றுவிடுகிறது. ஐ-மோட்டிஃபில் அச்சொல் முழுப்பொருளோடு வருகிறது. புரோட்டானை ஏற்பதே வேதியியலில் காரத்தின் இலக்கணம். இங்குச் சைட்டோசின் அதனையே செய்கிறது.

5ஆம் கார்பனில் ஏறும் மெத்தில் தொகுதி வளையத்திற்கு எதிர்மின் செறிவை நல்கி, சைட்டோசினின் காரத்தன்மையைச் சற்றே உயர்த்துகிறது. அதனால் ஐ-மோட்டிஃபின் உருகு வெப்பநிலையும், அது தாங்கும் பி.எச். எல்லையும் சிறிது உயர்கின்றன. அதே மெத்தில் தொகுதி உயிரணுவின் நொதிகளால் ஆக்சிஜனேற்றம் பெற்று ஹைட்ராக்சிமெத்திலாக மாறும்போது விளைவு திரும்பிவிடுகிறது: ஐ-மோட்டிஃப் தளர்கிறது. 5ஆம் கார்பனில் ஃபுளூரின் ஏறினால், அது எதிர்மின் செறிவைத் தன்பால் ஈர்ப்பதால், வடிவம் உருவாக மேலும் அமிலச் சூழல் தேவைப்படுகிறது. ஒரே இடத்தில் ஏறும் மூன்று தொகுதிகள் மூன்று வகை விளைவுகளைத் தருதல் இங்குக் கவனிக்கத்தக்கது.

மூவிழை வடிவத்திலும் இதனை ஒத்த நிலை உண்டு. இரட்டைச் சுருளின் பெரும்பள்ளத்தில் வந்து படியும் மூன்றாம் இழையிலுள்ள சைட்டோசின், புரோட்டான் ஏற்றுக் குவானைனின் ஹூக்ஸ்டீன் விளிம்பைப் பற்றுகிறது. மூன்றாம் இழையில் சைட்டோசினுக்குப் பதிலாக 5-மெத்தில்சைட்டோசினை அமைத்தால் மூவிழை கூடுதல் உறுதி பெற்று, நடுநிலையை நெருங்கும் பி.எச். மதிப்பிலும் நிற்கிறது. குறிப்பிட்ட மரபணுவை மூவிழையால் தடுக்க முயலும் ஆய்வுகளில் இவ்வுத்தி 1980களிலிருந்தே கையாளப்பட்டு வருகிறது.

4. குவானைன் நான்கிழையில் இடத்தின் ஆட்சி

குவானைன்கள் தொடர்ச்சியாக வரும் நான்கு பகுதிகளைக் கொண்ட இழை, நாற்கூட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நான்கிழையாக மடங்குகிறது. அடுக்குகளின் நடுவே பொட்டாசியம் அயனி அமர்ந்து, குவானைன்களின் 6ஆம் ஆக்சிஜன்களால் பற்றப்படுகிறது. மனிதக் குரோமோசோம்களின் முனையான டீலோமியரிலும், புற்றுநோயோடு தொடர்புடைய பல மரபணுக்களின் தொடக்கப்பகுதிகளிலும் இத்தகைய வரிசைகள் உள்ளன. இவ்வடிவத்தில் ஹூக்ஸ்டீன் விளிம்பின் இன்றியமையாமையை, அவ்விளிம்பைச் சிதைக்கும் மாற்றங்களே தெளிவுறுத்துகின்றன.

முதலாவது, 7-டிஅசாகுவானைன். இதில் 7ஆம் நைட்ரஜனுக்குப் பதிலாகக் கார்பன் உள்ளது. வாட்சன்-கிரிக் விளிம்பு மாறாததால் இக்காரம் சைட்டோசினோடு வழக்கம்போல இணைகிறது. ஆனால் நாற்கூட்டில் அண்டைக் குவானைன் நீட்டும் ஹைட்ரஜனை ஏற்க அணு இல்லை, நான்கிழை குலைகிறது. குவானைன் மிகுந்த பகுதிகளின் காரவரிசையை அறியும் முறைகளில் தடையான மடிப்புகளைத் தவிர்க்க இக்காரம் பயன்படுத்தப்படுவதும் இதனாலேயே.

இரண்டாவது, குவானைனின் 2ஆம் கார்பனிலுள்ள அமினோ தொகுதியை நீக்கிய இனோசின். இங்கு இழக்கப்படுவது 7ஆம் நைட்ரஜனுக்கு ஹைட்ரஜனை அளிக்கும் கை. நாற்கூட்டின் ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒன்று குறைவதால் உறுதி தளர்கிறது.

மூன்றாவது, 8-புரோமோகுவானைன். இது ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தொடுவதில்லை. சின் நிலையை விரும்பச் செய்கிறது. நான்கிழையில் சில குவானைன்கள் சின் நிலையிலும் சில ஆன்டி நிலையிலும் உள்ளன. சின் இடத்தில் புரோமின் ஏறிய குவானைனை வைத்தால் வடிவம் வலுப்பெறும். ஆன்டி இடத்தில் வைத்தால் தளரும். மனித டீலோமியர் வரிசை பொட்டாசியம் கரைசலில் பல வடிவங்களின் கலவையாக இருப்பதால் அதன் அமைப்பை அறிவது கடினமாக இருந்தது. 2006இல் ஷூ, சுகியாமா ஆகியோர் தக்க இடங்களில் 8-புரோமோகுவானைனைப் பொருத்தி, ஒரே வடிவத்தை மேலோங்கச் செய்து, இழைத்திசைகள் கலந்துவரும் அமைப்பு ஒன்றைக் காட்டினர். ஒரே மாற்றம் ஒரே மூலக்கூறில் ஓரிடத்தில் துணையாகவும் மற்றோரிடத்தில் பகையாகவும் அமைவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

5. ஆக்சிஜனேற்றம்: சேதமா, செய்தியா?

நான்கு காரங்களுள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவது குவானைன். அடுத்தடுத்துக் குவானைன்கள் நிற்கும் இடங்களில் இது இன்னும் எளிதாகிறது. ஆகவே நான்கிழை அமைக்கும் வரிசைகளே ஆக்சிஜனேற்றத்திற்கு முதலில் இலக்காகின்றன. அதன் முதன்மை விளைபொருளான 8-ஆக்சோகுவானைனில் 8ஆம் கார்பன் ஆக்சிஜனைப் பெறுகிறது. 7ஆம் நைட்ரஜன் ஹைட்ரஜனைப் பெறுகிறது. முன்பு ஹைட்ரஜனை ஏற்ற இடம் இப்போது ஹைட்ரஜனை நீட்டும் இடமாகிறது. நாற்கூட்டில் இரு ஹைட்ரஜன்கள் எதிரெதிர் நிற்க, பிணைப்பு விலக்கமாகிறது. இதனால் நான்கிழை தளர்கிறது. சேதம் நடு அடுக்கில் நிகழ்ந்தால் தளர்ச்சி மிகுதி. இரட்டைச் சுருளிலோ அதே 8-ஆக்சோகுவானைன் சைட்டோசினோடு இன்னும் இணையக்கூடும். அங்கு அச்சம் வேறு: சின் நிலைக்குத் திரும்பி அடினைனோடு தவறாக இணைந்து திடீர்மாற்றத்திற்கு வழிவகுக்கும்.

இவ்வேதியியலுக்கு உயிரியற் பொருள் உண்டு என்பதை இரு ஆய்வுகள் உணர்த்துகின்றன. முதலாவது டீலோமியர் பற்றியது. டீலோமியரை நீட்டிக்கும் டீலோமெரேஸ் நொதிக்கு மடங்கிய நான்கிழை ஒரு தடை. டீலோமியருக்குள் 8-ஆக்சோகுவானைன் அமைந்தால் நான்கிழை தளர்ந்து, நொதி எளிதில் அணுகுகிறது என்பதை 2016இல் ஒப்ரெஸ்கோ குழுவினர் காட்டினர். ஆனால் நொதி புதிதாகச் சேர்க்கும் மூலப்பொருளே ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால், அது இழையில் சேர்ந்தவுடன் நீட்சி நின்றுவிடுகிறது. சேதம் ஒன்றே, ஏற்கெனவே உள்ள இழையில் இருந்தால் ஊக்கம், சேரவிருக்கும் மூலப்பொருளில் இருந்தால் தடை.

இரண்டாவது, புதிய இரத்தநாளங்களின் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். மரபணுவின் தொடக்கப்பகுதி பற்றியது. இதனை ஃபிளெமிங், டிங், பரோஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்டனர். அங்குத் தோன்றும் 8-ஆக்சோகுவானைனைப் பழுதுநீக்கும் நொதி வெட்டி எடுக்கிறது. காரமற்ற வெற்றிடம் எஞ்சுகிறது. அவ்வெற்றிடம் இரட்டைச் சுருளைத் தளர்த்துகிறது. அவ்வரிசையில் நான்கிழைக்குத் தேவையான நான்கு குவானைன் தொடர்களோடு ஐந்தாவது தொடரும் இருக்கிறது. பழுதுற்ற தொடரை வளையமாக வெளித்தள்ளி, ஐந்தாவது அதன் இடத்தை நிரப்ப, நான்கிழை மடங்குகிறது. அவ்வமைப்பில் வந்து தங்கும் மற்றொரு பழுதுநீக்கும் நொதி, மரபணுவின் படியெடுப்பைத் தூண்டுவதில் பங்கேற்கிறது. முதல் நொதி இல்லாத உயிரணுக்களில் இத்தூண்டல் நிகழவில்லை.

இங்கு நான்கிழை தன்னளவில் வலுப்பெறவில்லை. அதன் போட்டி வடிவமான இரட்டைச் சுருள் வலுவிழந்தது. நிலைப்புத்தன்மை என்பது எப்போதும் இரு வடிவங்களுக்கிடையேயான ஒப்பீடு என்பதை இச்சான்று நினைவூட்டுகிறது. சேதம் எனப் பழித்த ஒன்று, உரிய இடத்தில் உரிய வரிசையில் அமையும்போது, ஆக்சிஜனேற்ற நெருக்கடியை மரபணுவுக்கு உணர்த்தும் செய்தியாகவும் ஆகக்கூடும்.

6. அளவீடும் அதன் எல்லையும்

மேற்கூறிய உறுதி பெரும்பாலும் உருகு வெப்பநிலையால் அளக்கப்படுகிறது. கரைசலைச் சிறிதுசிறிதாகச் சூடாக்கி, புறஊதா ஒளி உறிஞ்சப்படுவதில் ஏற்படும் மாற்றத்தால் மூலக்கூறுகளில் பாதி குலைந்த நிலையை அறிவர். நான்கிழைக்கு இதனை 295 நானோமீட்டர் அலைநீளத்தில் காண்பது வழக்கம். வடிவத்தின் வகையை வட்ட இருநிறமாலை காட்டும்.

இம்முறைகள் நம்பத்தக்கவை; ஆனால் அவை பெரும்பாலும் இருபது, முப்பது காரங்கள் கொண்ட குறு இழையைத் தனியே வைத்து அளப்பவை. தனி இழைக்கு மடங்குவதா, விரிந்து கிடப்பதா என்னும் இரு தெரிவுகளே உண்டு. உயிரணுவிலோ எதிரிழை எப்போதும் அருகில் காத்திருக்கிறது. சுருளின் முறுக்கு, புரதங்கள், மூலக்கூறுகளின் நெரிசல் ஆகியனவும் செயல்படுகின்றன. எனவே குடுவையில் உருகு வெப்பநிலையைச் சில பாகைகள் குறைக்கும் மாற்றம், உயிரணுவில் அவ்வடிவத்தின் தோற்றத்தைக் கூட்டவும் கூடும். வி.இ.ஜி.எஃப். சான்று இதற்கு எடுத்துக்காட்டாகும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. 5ஆம் கார்பனிலுள்ள மெத்தில் தொகுதி, இசட் வடிவத்தில் நீரிலிருந்து ஒதுங்குவதாலும், ஐ-மோட்டிஃபிலும் மூவிழையிலும் சைட்டோசினின் காரத்தன்மையை உயர்த்துவதாலும் உறுதி தருகிறது. விளைவு ஒன்றுபோலத் தோன்றினும் காரணங்கள் வேறு.

2. நான்கிழையில் ஹூக்ஸ்டீன் விளிம்பைத் தொடும் மாற்றங்கள் உறுதியைக் குலைக்கின்றன. சின், ஆன்டி நிலைகளைத் தொடும் மாற்றங்கள் இடத்திற்கேற்ப இருவகை விளைவும் தருகின்றன.

3. ஒரு வடிவத்தின் உறுதி, அதன் போட்டி வடிவத்தின் உறுதியோடு சேர்த்தே மதிப்பிடத்தக்கது.

4. ஆகவே 'மெத்திலேற்றம் டி.என்.ஏ.வை உறுதியாக்கும்', 'ஆக்சிஜனேற்றம் நான்கிழையைச் சிதைக்கும்' என்பன போன்ற பொதுக்கூற்றுகள் இடமும் போட்டி வடிவமும் சுட்டப்படாதவரை முழுமை பெறா.

நான்கிழையை இலக்காகக் கொண்டு புற்றுநோய்க்கு மருந்து தேடும் முயற்சிகள் தொடரும் இக்காலத்தில் இத்தெளிவு இன்றியமையாதது. தூய காரங்களால் ஆன இழையில் நன்கு பொருந்தும் மருந்து மூலக்கூறு, மெத்தில் ஏறியும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் உள்ள உண்மையான இழையில் அவ்வாறே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. மருந்தை ஆய்ந்து பார்க்கும் இழையிலேயே அத்திருத்தங்களையும் உரிய இடங்களில் அமைத்துச் சோதிப்பது இவ்வாய்வுகள் உணர்த்தும் நடைமுறைப் பாடமாகும்.